விலையைக் கேட்கும் முன் வகையைக் கேளுங்கள்!

கார் நிற்கிறது. உடனே என்ஜினும் நின்று விடுகிறது!

டிரைவர் சாவியைத் தொடவில்லை. முன்னால் நிற்கும் பஸ் நகர்ந்ததும் அவர் கிளட்சை மிதிக்கிறார். என்ஜின் தானே எழுந்து ஓடுகிறது. கார் புறப்படுகிறது.

இது மந்திரம் அல்ல. சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடு. வண்டி சும்மா நிற்கும்போது பெட்ரோலும் டீசலும் வீணாக எரியக் கூடாது. புகையும் குறைய வேண்டும். அதற்காக வந்ததுதான் இந்த வகைக் கார். கம்பெனிக்காரர்கள் இதை "ஸ்டார்ட்-ஸ்டாப்" என்கிறார்கள். தமிழில் "நின்று கிளம்பும் கார்" என்று சொல்லலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தக் காரை வாங்கியவர்களில் பலருக்கு ஒரு விஷயம் தெரியாது. இதற்குச் சாதாரண பாட்டரி போதாது. இதற்கென்று தனியாகச் செய்த பாட்டரிதான் போட வேண்டும்.

தெரியாததால் என்ன நடக்கிறது? அளவு பார்த்து, விலை பார்த்து, கிடைத்த பாட்டரியை மாட்டுகிறார்கள். அன்று கார் ஓடுகிறது. மறுநாளும் ஓடுகிறது. சில மாதம் கழித்து நடுவழியில் படுத்து விடுகிறது. பணம் போகிறது, பயணம் கெடுகிறது, மெக்கானிக்குக்குக் கெட்ட பெயர் வருகிறது.

இந்த நஷ்டத்தைத் தடுக்க ஒரே ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்வியை வாங்குகிறவர் கேட்க வேண்டும். விற்கிறவர் அதற்குத் தமிழில், எழுத்தில், பதில் சொல்ல வேண்டும்.

தேர் சொல்லும் பாடம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கி விடலாம்.

அவ்வளவு பெரிய தேரில் எது கடினம்? ஓட்டுவதா? இல்லை. நிற்கிற தேரை முதல் அடி நகர்த்துவதுதான் கடினம். ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடிக்க வேண்டும். பின்னால் தடி போட வேண்டும். "கோவிந்தா, கோவிந்தா" என்று கோஷம் எழ வேண்டும். ஒரு தடவை சக்கரம் உருண்டு விட்டால், பிறகு அத்தனை சிரமம் இல்லை.

கார் என்ஜினும் அப்படித்தான். நிற்கிற என்ஜினைச் சுழற்றி விடுவதுதான் பெரிய வேலை. அந்த வேலையைச் செய்வது செல்ப் மோட்டார். அதற்கு வடம் பிடிப்பது பாட்டரி.

காரின் முன்விளக்கு ஒன்று சுமார் நாலரை ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். ஆனால் என்ஜினைக் கிளப்பும் அந்த ஒரு நொடியில் செல்ப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இருபது விளக்குகளை ஒரே சமயத்தில் ஏற்றியது போல!

சாதாரணக் காரில் இந்த வேலை ஒரு நாளைக்குச் சில தடவைதான். காலையில் ஒன்று, கடைக்குப் போய் வரும்போது ஒன்று, மாலையில் ஒன்று. ஆறு தடவை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்துக்கு 2,190 தடவை.

நின்று கிளம்பும் காரில்? பஞ்சு மார்க்கெட் நெரிசலில் ஒரு தடவை. ரயில்வே கேட்டில் ஒரு தடவை. தேரடி பக்கம் வண்டிகள் தேங்கினால் இரண்டு தடவை. இப்படி ஒரு நாளைக்கு நாற்பது தடவை என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 14,600 தடவை!

தேரை நாலு ரத வீதியிலும் நாற்பது இடத்தில் நிறுத்தி, நாற்பது தடவை மறுபடி இழுக்கச் சொன்னால் வடம் என்ன ஆகும்? சாதாரண வடம் அறுந்து போகும். அதற்கென்று முறுக்கிய வடம் வேண்டும்.

நின்று கிளம்பும் காருக்குத் தனி பாட்டரி வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. என்ஜின் நிற்கும்போது விளக்கு, விசிறி, பாட்டுப் பெட்டி, இவை யாவும் பாட்டரியைத்தான் உறிஞ்சுகின்றன. சாதாரணக் காரில் ஓடுகிற என்ஜின் இவற்றைத் தாங்கும். இதில் அந்தப் பாரமும் பாட்டரியின் தலையில்!

கைப்பிடி போய் செல்ப் வந்தது

ஈய பாட்டரி புதிய சரக்கு அல்ல. பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே 1859-ம் ஆண்டிலேயே அதைச் செய்து காட்டினார். ஈயத் தகடும் கந்தகத் திராவகமும் சேர்ந்து மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் என்று அவர் கண்டார்.

முதல் கார்களில் என்ஜினைக் கிளப்ப முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டும். சில சமயம் அது திருப்பி அடித்துக் கையை முறித்து விடும். 1912-ம் ஆண்டில் அமெரிக்காவில் காடிலாக் காரில் மின்சார செல்ப் வந்தது. அதைச் செய்தவர் சார்லஸ் கெட்டரிங். அன்று முதல் பாட்டரி காரின் உயிர் நாடி ஆயிற்று.

வண்டி நின்றால் என்ஜினும் நிற்க வேண்டும் என்ற யோசனையை ஜப்பானில் டொயோட்டா கம்பெனி 1970-களிலேயே முயன்று பார்த்தது. இந்தியாவில் மகிந்திரா கம்பெனி 2008-ல் ஸ்கார்ப்பியோ வண்டியில் இதைக் கொண்டு வந்தது. மாருதி சுசுகி 2015-ல் சியாஸ், எர்டிகா டீசல் கார்களில் கொண்டு வந்தது. பிறகு பல கம்பெனிகளின் கார்களிலும் இது பரவி விட்டது.

அன்று பெரிய நகரங்களில் புதிதாக வாங்கிய கார்கள் இன்று கை மாறுகின்றன. சென்னையில் முதல் சொந்தக்காரர். மதுரையில் இரண்டாமவர். மூன்றாமவர் ராஜபாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவராக இருக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக் கார் ஓட்டுபவராக இருக்கலாம்.

காரோடு வந்த புத்தகம் இரண்டாவது கையிலேயே காணாமல் போயிருக்கும். இருந்தாலும் அது இங்கிலீஷில் இருக்கும். மூன்றாவது கைக்கு வந்து சேர்வது காரும் சாவியும்தான். விவரம் வந்து சேர்வதில்லை.

மூன்று வகை பாட்டரி

கார் பாட்டரியில் மூன்று வகைகளைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

முதல் வகை, சாதாரண பாட்டரி. உள்ளே ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகளும் திராவகமும் இருக்கும். ஒரு அறைக்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்று அதிகம். ஆறும் சேர்ந்து பன்னிரண்டு வோல்ட் பாட்டரி. காலையில் கொஞ்சம் கொடுத்து, நாள் முழுவதும் நிறைந்தே இருக்கப் பிறந்தது இது.

இரண்டாவது வகைக்கு ஈ.எப்.பி. என்று பெயர். பார்வைக்குச் சாதாரண பாட்டரி போலவே இருக்கும். ஆனால் உள்ளே தகடு உறுதியானது. தகட்டின் மேல் உள்ள ஈயப் பசை உதிராமல் இருக்க மெல்லிய வலைத்துணி போட்டிருப்பார்கள். சீக்கிரம் மின்சாரம் ஏறுவதற்காகத் தகட்டில் கரிப்பொடியும் சேர்ப்பார்கள். அடிக்கடி இறங்கி, அடிக்கடி ஏறினாலும் இது தாங்கும்.

மூன்றாவது வகை ஏ.ஜி.எம். இதில் திராவகம் தளும்பாது. தகடுகளுக்கு நடுவே கண்ணாடி நூலில் செய்த மெத்தை இருக்கும். திராவகத்தை அந்த மெத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்கிற மருத்துவத் துணி மருந்தை உறிஞ்சுவது போல! இது மூன்றிலும் உழைப்பு அதிகம், விலையும் அதிகம்.

எந்தக் காருக்கு எது? கார் செய்த கம்பெனி எதை வைத்ததோ அதுதான். ஈ.எப்.பி. இருந்த இடத்தில் சாதாரண பாட்டரி கூடாது. ஏ.ஜி.எம். இருந்த இடத்தில் ஈ.எப்.பி. கூடாது. படி இறங்கக் கூடாது.

அதே சமயம் சாதாரணக் காருக்கு விலை கூடிய பாட்டரி அவசியமும் இல்லை. "இதுதான் உசத்தி" என்று யாராவது அதை அவர் தலையில் கட்டினால், அதுவும் தப்புதான்.

கடையில் நடப்பது என்ன?

பாட்டரிக் கடையில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது:

"அண்ணாச்சி, காருக்கு பாட்டரி என்ன விலை?"

"என்ன வண்டி?"

"டீசல் வண்டி."

"ஆறாயிரம் ஆகும்."

"ஆறாயிரமா? பக்கத்துக் கடையில் நாலரைக்குத் தருகிறானே!"

"சரி, நாலரைக்கும் ஒன்று இருக்கிறது. போட்டு விடவா?"

"போடுங்கள்!"

வியாபாரம் முடிந்து விட்டது. "இது நின்று கிளம்பும் வண்டியா?" என்று கடைக்காரர் கேட்கவில்லை. "நாலரைக்கும் ஆறுக்கும் என்ன வித்தியாசம்?" என்று வாங்கியவரும் கேட்கவில்லை.

இதில் கடைக்காரர் மட்டும் குற்றவாளி என்று சொல்ல முடியாது. அவர் விளக்கம் சொல்லத் தொடங்கினால், "விலையை ஏற்றப் பார்க்கிறார்" என்று சந்தேகப்பட்டு வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போய் விடுகிறார். வாயை மூடிக்கொண்டால் வியாபாரம் நடக்கிறது. உண்மை சொல்கிறவருக்கு நஷ்டம் என்றால் யார் உண்மை சொல்வார்கள்?

சில மெக்கானிக்குகள் நல்லெண்ணத்தோடு ஒரு வழி சொல்கிறார்கள். "பழைய பாட்டரியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள்" என்கிறார்கள். புதுக் காருக்கு இது சரி. கை மாறிய காருக்குச் சரி அல்ல. முன்னால் வைத்திருந்தவரே தவறான பாட்டரியை மாட்டி விற்றிருந்தால்? தப்பைப் பார்த்துத் தப்பைக் காப்பியடித்தது போல ஆகும்!

ஆகவே கார்ப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். புத்தகம் இல்லையென்றால் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் சேசிஸ் நம்பரைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு டெலிபோன் செலவுதான்.

ஒரு கணக்கு

பணக் கணக்கையும் பார்த்து விடலாம். விலை கடைக்குக் கடை மாறும். ஆகவே உதாரணத்துக்கு மட்டும் ஒரு தொகை வைத்துக்கொள்வோம்.

சாதாரண பாட்டரி 4,500 ரூபாய். ஏற்ற பாட்டரி 7,000 ரூபாய். வித்தியாசம் 2,500 ரூபாய். வாங்குகிற அன்று 2,500 மிச்சம் என்று மனம் குளிரும்.

சாதாரண பாட்டரி இந்தக் காரில் ஒன்றரை வருடம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்ற பாட்டரி மூன்று வருடம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்தில் சாதாரண பாட்டரிக்கு இரண்டு தடவை செலவு: 9,000 ரூபாய். ஏற்ற பாட்டரிக்கு ஒரே தடவை: 7,000 ரூபாய். மிச்சம் என்று நினைத்தது 2,000 ரூபாய் நஷ்டமாகத் திரும்பி வந்து விட்டது!

நடுவழியில் நின்றபோது வண்டியை இழுத்து வந்த கூலி இதில் சேரவில்லை. வாடகைக் கார் என்றால் அன்றைய வருமானம் போனதும் சேரவில்லை. நள்ளிரவில் பிரசவத்துக்காக மதுரைக்குக் கிளம்பிய கார் வாசலிலேயே "டக், டக்" என்று முனகி நின்றால், அதற்கு எந்தக் கணக்கு?

பொத்தானை அமுக்கினால் போதாதா?

சிலர் ஒரு யுக்தி சொல்கிறார்கள். "இந்த வேலையை நிறுத்தி வைக்க டிரைவர் முன்னால் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கி விட்டால் இதுவும் சாதாரணக் கார்தானே? சாதாரண பாட்டரியே போதுமே!" என்கிறார்கள்.

பாதி உண்மை. பொத்தானை அமுக்கினால் என்ஜின் அடிக்கடி அணையாது. ஆனால் பல கார்களில் ஒவ்வொரு தடவை சாவி போடும்போதும் அந்த ஏற்பாடு மறுபடி உயிர் பெற்று விடும். ஒவ்வொரு தடவையும் மறக்காமல் அமுக்க வேண்டும்.

அதை விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சாதாரணக் காரில் என்ஜின் ஓடும் வரை ஆல்டர்நேட்டர் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டே இருக்கும். நின்று கிளம்பும் கார்கள் பலவற்றில் அப்படி இல்லை. சிக்கனத்துக்காக ஆல்டர்நேட்டர் அவ்வப்போது ஓய்வெடுக்கும். வண்டி வேகம் குறையும்போதும் இறக்கத்தில் இறங்கும்போதும் கிடைக்கிற சக்தியை மின்சாரமாக்கி வேகமாக ஏற்றும். அதை வாங்கிக்கொள்ள இடம் வேண்டும் என்பதற்காக பாட்டரியை முழுவதும் நிரப்பாமல் சற்று காலியாகவே வைத்திருக்கும்.

சாதாரண பாட்டரிக்கு அரை வயிறு ஆகாது. அடிக்கடி நிறையாமல் கிடந்தால் தகட்டில் உப்பு போல் வெள்ளை படிந்து இறுகி விடும். பிறகு ஏற்றினாலும் ஏறாது. பொத்தானை அமுக்கினாலும் இந்தக் கேடு நிற்காது.

அவசரத்துக்குச் சாதாரண பாட்டரியை மாட்டி விட்டவர்கள், மாற்றும் வரை பொத்தானை அமுக்கி ஓட்டட்டும். அது முதல் உதவி, சிகிச்சை அல்ல.

நம் ஊர் வெயிலும் குட்டைப் பயணமும்

பாட்டரிக்கு எமன் குளிர் என்று மேல்நாட்டார் சொல்வார்கள். குளிர் நாட்டில் பாட்டரி படுக்கிற காலம் குளிர் காலம். ஆனால் பாட்டரியை உள்ளுக்குள் அரிப்பது வெப்பம்தான். பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு.

மேற்கு மலை அடிவாரத்தில் இருந்தாலும் விருதுநகர் மாவட்டத்தின் வெயில் எல்லோருக்கும் தெரியும். வெயிலில் நிறுத்திய காரின் பானெட்டுக்குள் சூடு இன்னும் அதிகம்.

அடுத்தது தூரம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சுமார் 12 கிலோ மீட்டர்தான். ஊருக்குள் ஓட்டம் என்றால் இரண்டு, மூன்று கிலோ மீட்டர். இந்தக் குட்டைப் பயணத்தில் பாட்டரி கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. சம்பளம் வரும் முன்பே செலவு செய்கிற குடும்பம் போல ஆகி விடுகிறது.

இதற்கு மருந்து சுலபமானது. வாரத்துக்கு ஒரு தடவையாவது காரை முக்கால் மணி நேரம் நிற்காமல் ஓட்ட வேண்டும். நிழலில் நிறுத்த வேண்டும். நாட்கணக்கில் வெளியூர் போகிறவர்கள் வீட்டில் உள்ள வேறு ஒருவரை ஓட்டி வைக்கச் சொல்ல வேண்டும்.

நின்று கிளம்பும் கார் ஒரு எச்சரிக்கையும் தரும். பாட்டரி பலவீனமானால் அது நிற்கும்போது என்ஜினை அணைக்காது. "அணைத்தால் மறுபடி கிளப்ப முடியாது" என்று அதற்கே தெரியும்! ஏ.சி. அதிகம் வேலை செய்தாலும், என்ஜின் சூடேறாமல் இருந்தாலும், பெல்ட் போடாமல் இருந்தாலும் அணைக்காது. ஆனால் இவை எதுவும் இல்லாமல், வாரக்கணக்கில் என்ஜின் அணையவே இல்லை என்றால் பாட்டரியைச் சோதிக்க வேண்டும். அது ரிப்பேர் அல்ல, முன்னறிவிப்பு.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

இந்தக் கார்களில் பாட்டரியின் நெகடிவ் முனையில் சிறு பெட்டி போன்ற கருவி ஒன்று பெரும்பாலும் இருக்கும். பாட்டரிக்குள் எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது, எவ்வளவு சூடு என்று அது கணக்கு எழுதும் குமாஸ்தா. அதை அடித்து, நெம்பி, உடைத்து விடக் கூடாது.

புது பாட்டரி போட்டால் சில கார்களில் அதைக் காரின் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பழைய கிழட்டு பாட்டரி என்றே நினைத்து மின்சாரம் ஏற்றும். சில கார்கள் சில மணி நேரம் நிறுத்தி வைத்தால் தாமே தெரிந்துகொள்ளும். எது எப்படி என்று மாட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

கழற்றும்போது நெகடிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. பாட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வரலாம். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி வைக்க வேண்டும். திராவகம் பட்டால் உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

சில மாருதி கார்களில் முன் சீட்டுக்கு அடியில் லித்தியம் பாட்டரி ஒன்று தனியாக உண்டு. அதில் வீட்டிலோ சாலையோரத்திலோ கை வைக்கவே கூடாது.

பழைய பாட்டரி எங்கே போகிறது?

புதிதைப் போலவே பழையதும் முக்கியம். அடிக்கடி பாட்டரி மாற்றினால் அடிக்கடி பழைய ஈயம் தெருவுக்கு வருகிறது.

ஈயம் விஷம். குழந்தைகளின் உடம்பில் இவ்வளவு ஈயம் சேர்ந்தால் பாதகம் இல்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். கொல்லையில் பாட்டரியை உடைத்து, திராவகத்தை மண்ணில் ஊற்றி, ஈயத்தை உருக்கினால், அந்தப் புகையும் மண்ணும் அங்கு விளையாடும் பிள்ளைகளைத்தான் முதலில் தாக்கும்.

முறையாக உருக்கினால் அதே ஈயம் புது பாட்டரிக்கு மறுபடி பயன்படும். இதற்காக மத்திய அரசு 2022-ம் ஆண்டில் பாட்டரிக் கழிவு விதிகளைக் கொண்டு வந்தது. விற்ற பாட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்ய ஏற்பாடு செய்யும் பொறுப்பை உற்பத்தி செய்யும் கம்பெனிகளின் மேல் அது வைத்திருக்கிறது. பாட்டரியின் மேல் குறுக்குக் கோடு போட்ட குப்பைத் தொட்டியின் படம் இருப்பதைப் பார்க்கலாம். "என்னைக் குப்பையில் போடாதே" என்பதுதான் அதன் பொருள்.

பழைய பாட்டரியைக் கடையிலேயே கொடுத்து விட வேண்டும். அதற்குக் கழிக்கும் தொகையை ரசீதில் எழுதி வாங்க வேண்டும். சைக்கிளில் வருகிற பழைய இரும்புக்காரர் நூறு ரூபாய் கூடத் தருகிறார் என்று கொடுக்கக் கூடாது. அந்த நூறு ரூபாய் யாருடைய குழந்தையின் செலவில் வருகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழில் எழுதினால் என்ன?

இவ்வளவு கேடுக்கும் வேர் ஒன்றுதான். பாட்டரியின் மேல் எழுதியிருப்பது வாங்குகிறவருக்குப் புரியவில்லை.

எம்-42, என்-55, கியூ-85, எஸ்-95 என்று இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் போட்டிருக்கும். இவை நின்று கிளம்பும் கார்களுக்கான பாட்டரிகளுக்கு ஜப்பான் முறைப்படி கொடுத்த அளவுப் பெயர்கள். ஆனால் தினமும் கார் ஓட்டிப் பிழைக்கிற டிரைவருக்கு இது எப்படித் தெரியும்? எட்டாவது படித்து விட்டு ஒர்க் ஷாப்பில் தொழில் கற்ற இளைஞருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஏன் கேட்டு வாங்கினார்கள்? பெயருக்கும் பொருளுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்பதற்காக. ஐம்பது, நூறு ரூபாய்க்கு வாங்கும் கோவாவுக்கே பெயர் முக்கியம் என்றால், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் பாட்டரிக்கு வகை தெரிய வேண்டாமா?

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரம், விலை முதலிய விவரங்களைத் தெரிந்துகொள்ளும் உரிமையை வாங்குகிறவருக்குக் கொடுத்திருக்கிறது. உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தால் போதாது. கடைப் பலகையில் இருக்க வேண்டும்.

ஆகவே நாலு காரியம் நடக்க வேண்டும்.

பாட்டரி செய்யும் கம்பெனிகள், தமிழ்நாட்டில் விற்கும் பாட்டரியின் மேல் "நின்று கிளம்பும் காருக்கு" அல்லது "சாதாரணக் காருக்கு மட்டும்" என்று பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட வேண்டும்.

கார் செய்யும் கம்பெனிகள், இந்தக் காருக்கு இந்த வகைதான் என்று பானெட்டின் உட்புறம் ஒட்ட வேண்டும். புத்தகம் தொலையும், பானெட் தொலையாது. கார் எத்தனை கை மாறினாலும் விவரமும் கூடவே போகும்.

கடைக்காரர்கள், ரசீதில் வகையையும் வண்டி நம்பரையும் எழுத வேண்டும். எல்லாக் கடைக்காரர்களும் சேர்ந்து இதைச் செய்தால் உண்மை சொல்கிறவருக்கு நஷ்டம் இருக்காது.

அரசாங்கம், மெக்கானிக்குகளுக்கு ஒரு நாள் பயிற்சியாவது தமிழில் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்க ஆளுக்குப் பஞ்சம் இல்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த நிலையம் அது. 1953-ல் திறக்கப்பட்டது. பாட்டரிகளைப் பற்றிய ஆராய்ச்சி அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அங்குள்ள அறிவு ராஜபாளையத்து ஒர்க் ஷாப்புக்கு வந்து சேரக் கூடாதா?

இவை நடக்கும் வரை வாங்குகிறவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. டிரைவர் முன்னால் உள்ள பொத்தான்களில், வட்டமிட்ட அம்புக்குறிக்குள் "ஏ" என்ற இங்கிலீஷ் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது நின்று கிளம்பும் கார். புத்தகத்தைப் பார்த்து, அல்லது கம்பெனியைக் கேட்டு, எந்த வகை பாட்டரி என்று ஒரு சீட்டில் எழுதி வண்டிக்குள் வைத்து விடுங்கள். கடைக்குப் போனால் அந்தச் சீட்டை முதலில் நீட்டுங்கள்.

ரசீதில் வகை எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். ஏமாற்றி விட்டார்கள் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

காய்கறிக் கடையில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறார்கள். சேலைக் கடையில் முந்தானையை விரித்து, நூலைப் பிரித்துப் பார்க்கிறார்கள். அந்தக் கவனத்தில் பாதி பாட்டரிக் கடையிலும் இருக்கட்டும்.

"என்ன விலை?" என்பது இரண்டாவது கேள்வி. "என்ன வகை?" என்பதுதான் முதல் கேள்வி!